ஆறு மணிக்கு எழாத மாவு

சோலைராஜ் வாளியின் மூடியைத் திறந்தபோது மணி சரியாக ஆறு. மாவு, நேற்று மாலை எங்கே இருந்ததோ அங்கேயே இருந்தது.

கண்ணால் பார்த்து உத்தேசமாகச் சொல்லுகிற ஆள் இல்லை அவர். முந்தின நாள் ஐந்து மணிக்கு மாவை ஊற்றிய கையோடு, வாளியின் வெளிப்பக்கம் நீல மார்க்கரால் கோடு போட்டு வைத்திருந்தார். வெள்ளை பிளாஸ்டிக் வாளி என்பதால் உள்ளே மாவு எந்த மட்டத்தில் நிற்கிறது என்பது நிழலாகத் தெரியும். விடியும்போது மாவு கோட்டைத் தாண்டி நாலு விரல் ஏறியிருக்க வேண்டும். நாலு வாளியிலும் மாவு கோட்டைத் தொட்டுக்கொண்டு மரியாதையாக நின்றது.

"காளி, இங்க வா. நாலும் ஆப்சென்ட்டு."

காளீஸ்வரி ஈரத் தலையில் துண்டைச் சுற்றியபடி வந்து பார்த்தாள். "நீங்க ஆஜர் எடுக்கீங்கன்னு அதுக்குத் தெரியுமா? மாவுங்க அது. பரேட்டுக்கா வருது?"

"நாலாவது நாளா வரல."

சோலைராஜ் பதினேழு வருடம் ராணுவத்தில் வண்டி மெக்கானிக்காக இருந்தவர். பனியில் உறைந்துபோன டீசல் இன்ஜினை எல்லாம் உறுமவைத்துவிட்டு ஓய்வு பெற்று, ராஜபாளையத்தில் பழைய பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் இட்லி மாவுக் கடை போட்டார். கடைப் பலகையில் மூன்றே வரிகள்: மாலையில் ஆட்டிய மாவு. காலை ஆறு மணிக்குப் பொங்கிய மாவு. பழைய மாவு விற்கப்படாது. மூன்றாவது வரி சிவப்பு எழுத்தில். ஆறு மணிக்குத் தயாராகாத மாவை அவர் விற்கமாட்டார். அன்று விற்காமல் நின்ற மாவை அடுத்த நாளைக்கும் வைக்கமாட்டார்.

இரண்டு வருடமாக மாவும் அவர் சொன்னபடி கேட்டது. ராஜபாளையத்து வெயிலில் கேட்காமல் என்ன செய்யும்? சித்திரை மாதம் கிரைண்டருக்குள் ஐஸ் கட்டி போட்டு ஆட்டினால்கூட விடியுமுன்னே பொங்கி மூடியைத் தள்ளிவிடும். ஆனால் இந்த வருடம் புரட்டாசி முடிவதற்குள் வானம் மாறிப்போனது. மேற்கே மலை இருந்த இடத்தில் ஒரு வாரமாக மேகம்தான் இருந்தது. ராத்திரி எல்லாம் தூறல், பகல் எல்லாம் மூட்டம். ஊரே காற்றாடியை அணைத்துவிட்டுக் குரங்குக் குல்லாயைத் தேடி எடுத்தது. குளியலறையில் தேங்காய் எண்ணெய் பாட்டிலுக்குள் வெள்ளைக் கட்டியாக உட்கார்ந்திருந்தது. தேங்காய் எண்ணெயைவிட மலிவான தெர்மாமீட்டர் கிடையாது. அது உறைந்தால், வீட்டுக்குள் வெப்பம் இருபத்துநாலு டிகிரிக்குக் கீழே போய்விட்டது என்று அர்த்தம்.

மாவு பொங்குவதில் மாயம் எதுவும் இல்லை. அரிசியோடும் உளுந்தோடும் கண்ணுக்குத் தெரியாத கோடிக்கணக்கான நுண்ணுயிர்கள் ஒட்டிக்கொண்டு வருகின்றன. அவை மாவில் உள்ள இனிப்பைத் தின்று காற்றை விடுகின்றன. உளுந்தின் வழவழப்பு அந்தக் காற்றை வெளியே விடாமல் குமிழ் குமிழாகப் பிடித்து வைக்கிறது. மாவு ஏறுவது அந்தக் குமிழ்களால்தான். வெயிலில் அந்த உயிர்கள் ஓடி ஓடி வேலை பார்க்கும். குளிரில் நம்மைப் போலவே இழுத்துப் போர்த்திக்கொண்டு, மெதுவாகப் பார்க்கலாம் என்று படுத்துவிடும்.

இதெல்லாம் சோலைராஜுக்கும் தெரியும். ஆகவே இது வெறும் சூடு சம்பந்தப்பட்ட பிரச்சினை, சூட்டைக் கொடுத்தால் தீர்ந்தது என்று நினைத்தார்.

அதற்குள் கடை வாசலில் எதிர்வீட்டுப் பெத்தம்மாள் வந்துவிட்டாள். கையில் பாத்திரம் இல்லை, புகார் மட்டும்தான் இருந்தது.

"ஏப்பா சோலை, நேத்து கெஞ்சிக் கூத்தாடி உங்கிட்ட அரைப்படி மாவு வாங்கிட்டுப் போனேன்ல? இட்லி சுட்டு எங்க வீட்டு நாய்க்கு ஒண்ணு போட்டேன். மோந்து பாத்துட்டு என்னைய ஒரு பார்வை பாத்துச்சு பாரு. ராஜபாளையத்து நாய்க்கு அம்புட்டு ரோஷம். ரெண்டு நாளா எங்கூடப் பேசல."

"நேத்து வாங்கினதுக்கு எப்படி அத்தே ரெண்டு நாளா பேசாம இருக்கும்?"

"அது முன்னக்கூட்டியே கோவிச்சுக்கிடுச்சு" என்றாள் பெத்தம்மாள்.

அவள் போனதும் பால்ச்சாமி வந்தான். மம்சாபுரத்துக்காரன், டி.வி.எஸ்-ஸின் இரண்டு பக்கமும் கேன்களைத் தொங்கவிட்டுக்கொண்டு தினமும் பால் ஊற்ற வருபவன். சட்டைப் பையில் செல்போனைப் பால் கவருக்குள் போட்டு மழைக்குச் சுருட்டி வைத்திருந்தான்.

"என்னண்ணே, இன்னைக்கும் தூங்குதா?"

"தூங்குது. வழக்கம்போல எருமைக்கு எடுத்துட்டுப் போ."

பால்ச்சாமி காலிக் கேன்களில் மாவை ஊற்றிக்கொண்டான். "உப்புப் போட்டிருக்கீகளாண்ணே?"

"போட்டாச்சு. ஏன், எருமைக்கு உப்பு ஆகாதா?"

"அதெல்லாம் ஆகும்ணே. நல்லதுதான்." கேன் மூடியை அமுக்கி மூடிக்கொண்டு போய்விட்டான்.

அன்று மாலைதான் மைத்துனன் ஜெயபாண்டி போன் செய்தான். ஸ்ரீவில்லிபுத்தூரில் இருக்கிறான். அவன் மகளுக்கு வருகிற ஞாயிற்றுக்கிழமை நிச்சயதார்த்தம். இருநூறு பேருக்குக் காலைப் பலகாரம் இட்லி. மாவு சோலைராஜ் கடையிலிருந்து.

இந்த ஆர்டருக்குப் பின்னால் ஒரு கதை உண்டு. ராணுவத்திலிருந்து வந்தவர் மாவாட்டப் போகிறார் என்று தெரிந்ததும் காளீஸ்வரியின் வீட்டில் எல்லோரும் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார்கள். பேங்க் வாசலில் துப்பாக்கியோடு உட்கார்ந்தால் எவ்வளவு கௌரவம் என்றார்கள். காளீஸ்வரி ஒருத்திதான் அவருக்காக எதிர்த்து நின்றாள். "என் வீட்டுக்காரர் மாவுல அவிச்ச இட்லியத்தான் சம்பந்தி வீட்டுக்கு வைக்கணும்" என்று தம்பியிடம் சண்டை போட்டு வாங்கிய ஆர்டர் இது. இட்லி கல்லானால், இரண்டு வருடமாக அவள் பேசிய பேச்செல்லாம் கல்லாகிவிடும்.

"மச்சான், தப்பா எடுத்துக்கிடாதீங்க" என்றான் ஜெயபாண்டி. "உங்க மாவு இப்ப சரியில்லைன்னு பேசிக்கிடுதாக. இங்க மடவார் வளாகத்துல ஒரு அம்மா வீட்டு வாசல்ல வச்சு விக்குது. நாலு நாளாத்தான் விக்குது, சாயங்காலம் மட்டும்தான் கிடைக்கும். என்னா மாவுங்கீக! இட்லிய அமுக்கினா விரல் உள்ள போயிட்டு வருது."

"மாப்ள, சனிக்கிழமை காலைல வந்து நேர்ல பாரு. பொங்கின மாவு காட்டுதேன்."

"காட்டலேன்னா?"

சோலைராஜ் காளீஸ்வரியின் முகத்தைப் பார்த்தார். அவள் கேட்காததுபோல வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தாள்.

"காட்டலேன்னா அந்த அம்மாட்டயே வாங்கிக்க."

அடுத்த மாவைச் சோலைராஜ் வெந்நீர் விட்டு ஆட்டினார். கிரைண்டரில் கல் உரசும்போதே சூடு பிறக்கும். அதோடு வெந்நீரும் சேர்ந்தால் என்ன ஆகும் என்று அவர் யோசிக்கவில்லை. அரிசி பாதி வெந்து கூழானது. புதன்கிழமை காலையில் கரண்டியை விட்டால் கரண்டியோடு வாளியும் சேர்ந்து எழுந்தது. போஸ்டர் ஒட்டுவதற்குத் தோதான பதம்.

பால்ச்சாமி ஒரு விரலால் தொட்டுப் பார்த்து, விரலைப் பிரிக்கச் சிரமப்பட்டான். "இது வேண்டாம்ணே. எருமைக்கு ஒத்துக்காது."

"ஏலே, எருமைக்கு இம்புட்டு ருசியா?"

"ருசி பழகிருச்சுண்ணே."

எதிரியின் மாவை ஆராய்ந்து பார்த்துவிடுவது என்று அன்று முடிவு செய்தார். இன்ஜின் ஓடவில்லை என்றால், ஓடுகிற இன்ஜினைப் பிரித்துப் பார்ப்பதுதான் மெக்கானிக்கின் முறை. காளீஸ்வரி தம்பிக்குப் போன் போட்டு ஒரு பாக்கெட் வாங்கிவரச் சொன்னாள். மாலையில் அவனே கூப்பிட்டான். "அக்கா, இன்னைக்கு அங்க மாவே வரலையாம். நாளைக்குப் பாப்போம்."

புதன்கிழமை மாவுக்கு ராணுவக் கம்பளி. பனிமலையில் தன்னைக் காப்பாற்றிய சாம்பல் நிறக் கம்பளிகளை எடுத்து நாலு வாளிக்கும் சுற்றி, கயிறு போட்டுக் கட்டினார். நாலு பேர் குளிர் காய்கிற மாதிரி வரிசையாக உட்கார்ந்திருந்தார்கள். ஆனால் கம்பளிக்கு ஒரு குணம் உண்டு. அது தானாகச் சூட்டை உண்டாக்காது. உள்ளே இருக்கும் சூடு வெளியே போகாமலும், வெளியே இருக்கும் சூடு உள்ளே வராமலும் தடுக்கும். மனிதனுக்கு உடம்புச் சூடு இருக்கிறது. வெந்நீர் அனுபவத்தால் பயந்துபோய், குழாயில் வந்த சில்லென்ற தண்ணீரில் ஆட்டிய மாவுக்கு என்ன சூடு இருக்கும்? குளிர்ந்த மாவைக் கம்பளி விடிய விடியக் குளிராகவே பத்திரமாகப் பார்த்துக்கொண்டது.

"பேசாம ஒரு ஸ்வெட்டர் பின்னிப் போடுங்க" என்றாள் காளீஸ்வரி.

பால்ச்சாமிக்கு அந்த மாவு மிகவும் பிடித்திருந்தது. நாலு வாளியையும் வழித்து எடுத்துக்கொண்டான். "அண்ணே, நாளைக்கும் இப்படியே ஆட்டுங்க. வெந்நீர் எல்லாம் வேண்டாம்."

"எரும சொல்லிவிட்டுச்சா?"

"ஆமாண்ணே" என்று சிரித்தபடியே வண்டியைக் கிளப்பினான்.

வியாழக்கிழமை மாலை ஜெயபாண்டி பாக்கெட்டோடு வந்தான். சோலைராஜ் மேஜையில் செய்தித்தாளை விரித்து, கண்ணாடியை மாட்டிக்கொண்டு பாக்கெட்டைப் பிரித்தார். மாவு புசுபுசுவென்று மூச்சு விட்டது. ஒரு சொட்டை எடுத்துத் தண்ணீரில் விட்டார். மிதந்தது. குமிழ் நிறைந்த மாவு மிதக்கும். காற்றில்லாத மாவு முழுகும். விரலில் தேய்த்துப் பார்த்தார். நாக்கில் வைத்துப் பார்த்தார். அவருடைய அளவேதான்: நாலுக்கு ஒன்று. வெந்தயம்கூட அதே கணக்கு.

"அப்படியே என் கையி மாதிரி இருக்கு. யாரோ நம்மளப் பாத்துப் பழகியிருக்காக."

"அப்ப அவுகளுக்கு மட்டும் எப்படிப் பொங்குது?" என்று கேட்டான் ஜெயபாண்டி. சோலைராஜ் எழுந்து பரண்மேல் ஏறினார்.

பரணில் ரிப்பேரான பழைய பிரிட்ஜ் ஒன்று கிடந்தது. குளிரை உள்ளே அடைக்கிற பெட்டி, சூட்டையும் உள்ளே அடைக்கும். இது நல்ல யோசனைதான். அதைக் கீழே இறக்கி, அடியில் ஒரு பல்பைத் தொங்கவிட்டு, மேல்தட்டில் இரண்டு வாளிகளை வைத்தார். ஒரு மணி நேரம் கழித்துக் கையை விட்டுப் பார்த்தால் உள்ளே பளீரென்று வெளிச்சம்; சூடு இல்லை. போட்டது எல்.இ.டி பல்பு. சூடாகாமல் எரிவதுதான் அதன் பெருமையே. பழைய குண்டு பல்பு ஒன்றைத் தேடிப்பிடித்து மாட்டினார். அது எரிக்கிற மின்சாரத்தில் பெரும்பங்கு சூடாகத்தான் போகும். பெட்டி கதகதவென்று ஆனது. கதவைச் சாத்திவிட்டு நிம்மதியாகப் படுத்தார்.

மாவு பொங்கியது. அதில் குறை சொல்ல முடியாது. வாளி நிறையப் பொங்கி, மூடியைத் தள்ளி, தட்டைத் தாண்டி, சொட்டுச் சொட்டாகக் கீழே சூடாக எரிந்துகொண்டிருந்த பல்பின் தலையில் விழுந்தது. வெள்ளிக்கிழமை விடிகிற நேரத்தில் 'டப்' என்று ஒரு சத்தம். பல்பு வெடித்தது, பியூஸ் போனது, கதவு திறந்துகொண்டு மாவு தரையெல்லாம் வழிந்தது, கண்ணாடிச் சில் இரண்டு வாளி மாவிலும் கலந்தது. காளீஸ்வரி இருட்டில் எழுந்து வந்து மாவில் கால் வைத்து, பிரிட்ஜ் வரைக்கும் சறுக்கிக்கொண்டே போய், அதைக் கட்டிப்பிடித்து நின்றாள்.

"இனிமே இந்த வீட்டுல பல்புங்கிற பேச்சே வரக்கூடாது" என்று பிரிட்ஜைக் கட்டிக்கொண்டே சொன்னாள்.

"ஆனா பொங்கிச்சு பாத்தியா?"

"நானுந்தான் பொங்குதேன். தெரியுதா?"

வெளியே வைத்திருந்த மற்ற இரண்டு வாளிகளும் வழக்கம்போல் அசையவில்லை. பால்ச்சாமி அவற்றை மட்டும் வாங்கிக்கொண்டு, "ரெண்டுதானாண்ணே?" என்று முகம் வாடிப் போனான்.

மிச்சம் ஒரே ஒரு நாள். எதிரியிடம் இருப்பதும் தன்னிடம் இல்லாததும் எது என்று சோலைராஜ் ஒவ்வொன்றாகக் கழித்துப் பார்த்தார். அரிசி ஒன்று, உளுந்து ஒன்று, அளவு ஒன்று. பாக்கி இருப்பது தண்ணீர். மடவார் வளாகத்துத் தண்ணீரில்தான் சூட்சுமம். இரண்டு இருபது லிட்டர் கேன்களை பைக்கில் கட்டிக்கொண்டு, தூறலில் ஸ்ரீவில்லிபுத்தூருக்குக் கிளம்பினார்.

அந்த வாசலில் முனீஸ்வரி என்ற அம்மா காலி மேஜையைத் துடைத்துக்கொண்டிருந்தாள்.

"மாவு சாயங்காலந்தான் அண்ணாச்சி."

"மாவு வேண்டாம்மா. நீங்க எந்தத் தண்ணியில ஆட்டுதீங்க?"

"நான் எங்க ஆட்டுதேன்? கொழுந்தன் கொண்டாந்து வைப்பாக, நான் விக்கேன். ஆமா, நீங்க ஏன் இப்படி நடுங்குதீக? செத்த நேரம் உள்ள உக்காருங்க, காப்பி போடுதேன்."

காப்பி நன்றாக இருந்தது. எதிரி இவ்வளவு அன்பாக இருப்பாள் என்று அவர் எதிர்பார்க்கவில்லை. சொல்ல முடியாத சங்கடத்தோடு அவள் வீட்டுக் குழாயிலேயே இரண்டு கேனையும் நிரப்பிக்கொண்டார். அவள் எதற்கென்று கேட்கவில்லை. ராஜபாளையம் போய்ச் சேர்ந்தபோது அவர்மேல் விழுந்த தண்ணீரும் கேனுக்குள் இருந்ததும் ஏறக்குறைய ஒரே அளவாக இருந்தது.

அந்தத் தண்ணீரில் ஆட்டினார். நிச்சயதார்த்தத்துக்கான முழு அளவு, நாலு வாளி. மாலை ஐந்து மணிக்குக் கோடு போட்டார். இந்த முறை கோட்டுக்குப் பக்கத்தில் சின்னதாக ஒரு சூடத்தையும் காட்டினாள் காளீஸ்வரி.

சனிக்கிழமை காலை ஆறு மணி. வாசலில் ஜெயபாண்டியின் கார் நின்றது. வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு அவன் உள்ளே வந்தான். மூன்று பேரும் வாளிகளைச் சுற்றி நின்றார்கள். சோலைராஜ் தும்மிக்கொண்டே முதல் மூடியைத் திறந்தார். இரண்டாவது. மூன்றாவது. நாலாவதைத் திறக்காமலே விட்டுவிட்டார்.

வாசலில் பால்ச்சாமியின் டி.வி.எஸ் வந்து நின்றது. "என்னண்ணே, ஊத்திக்கிடவா?"

"ஊத்திக்க" என்றார் சோலைராஜ். பால்ச்சாமி சத்தமில்லாமல் ஒவ்வொரு வாளியாகக் கேனில் கவிழ்த்து வண்டியில் மாட்டினான்.

ஜெயபாண்டி அக்காவைப் பார்க்காமல் தரையைப் பார்த்துப் பேசினான். "நாளைக்குக் காலைல அஞ்சு மணிக்கு அடுப்புல ஏத்தணும் மச்சான். மாப்பிள்ளை வீட்டு ஆளுக வந்துருவாக. கோவிச்சுக்கிடாதீங்க."

"நான் சொன்னதுதான மாப்ள. அந்த அம்மாட்டயே வாங்கிக்க."

காளீஸ்வரி காலி வாளி ஒன்றை எடுத்து, முந்தானையால் அதிலிருந்த நீலக் கோட்டை அழிக்க ஆரம்பித்தாள். அது அழியாத மை.

"மொத்தமா வேணும்னா இந்த நம்பருக்குப் பேசச் சொல்லுச்சு அந்த அம்மா" என்று ஜெயபாண்டி செல்போனை எடுத்து அழுத்தினான்.

வாசலில் ஓர் எருமை கத்தியது.

எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். எருமை எதுவும் இல்லை. பால்ச்சாமிதான் நின்றுகொண்டிருந்தான். அவன் சட்டைப் பையில், பால் கவருக்குள், எருமை இரண்டாம் முறையும் கத்தியது. அவன் அதை இரண்டு கையாலும் பொத்தினான். எருமை நிறுத்தவில்லை.

ஜெயபாண்டி போனை அணைத்தான். எருமை நின்றது. மறுபடி அழுத்தினான். எருமை கத்தியது.

"முனீஸ்வரி..." என்றார் சோலைராஜ் மெதுவாக.

"எங்க அண்ணன் பொண்டாட்டிண்ணே. மதினிதான் விக்காக." பால்ச்சாமி தலையைச் சொறிந்தான். "நானே சொல்லணும்னுதான்ணே இருந்தேன். நீங்க தெனமும் அழுவுற மாதிரி நிக்கையில எப்படிச் சொல்ல?"

"அப்ப அது எம் மாவா?"

"உங்க மாவுதான்ணே."

"நேத்து நான் நனைஞ்சு போயித் தண்ணி தூக்கிட்டு வந்தது?"

"மதினி சொன்னாக. யாரோ பாவம், வீட்டுல தண்ணி வரல போலன்னு."

காளீஸ்வரிக்குச் சிரிப்பு வந்துவிட்டது. வாளியைக் கீழே வைத்துவிட்டு, அதன்மேலேயே உட்கார்ந்து சிரித்தாள். ஜெயபாண்டி சிரிக்கலாமா கூடாதா என்று மச்சானின் முகத்தைப் பார்த்தான். சோலைராஜ் வாசலுக்குப் போய், பால்ச்சாமியின் கேனைத் தட்டிப் பார்த்தார். ஓடுகிற இன்ஜின் இதுவரை தன் வாசலிலேயே வந்து வந்து நின்று போயிருக்கிறது.

"ஏலே, நெசத்தைச் சொல்லு. எங்கிட்ட எந்திரிக்காத மாவு உங்கிட்ட மட்டும் எப்படி எந்திரிக்கி? என்னத்தலே சேத்த?"

பால்ச்சாமி கேன்களை ஒவ்வொன்றாக இறக்கிக் கடைக்குள் வைத்தான்.

"ஒண்ணுமே சேக்கலண்ணே. குளிருக்கு அது கொஞ்சம் லேட்டா எந்திரிக்கி. இன்னைக்குச் சாயங்காலம் வரைக்கும் மூடியத் திறக்காம விட்டுருங்க, தானாப் பொங்கிரும்."